யோகம் அடித்த ஆணிகள்

மலாய் நாட்டின் பெக்கோக் ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்த ஐயாத்துரைக்குக் கண் மங்கத் தொடங்கியபோது நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. முதலில் சரக்குப் பெட்டிகளில் சுண்ணாம்பால் எழுதியிருந்த எண்கள் கலங்கின. பிறகு பெட்டிகளே கலங்கின. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை இனித் திரும்பாது என்று ஜொகூர் பாரு டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, ரப்பர் மரங்கள் நின்ற சிறிய தோட்டம் ஒன்றையும் அதன் ஓரத்திலிருந்த பலகை வீட்டையும் வாங்கினார். அவரும் மனைவி யோகமும் அங்கே குடிபோனார்கள். பிள்ளைகள் இல்லை.

சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கே வந்துவிடச் சொல்லி உறவினர்கள் எழுதினார்கள். ஐயாத்துரை மறுத்துவிட்டார். அங்கே போனால் தான் ஒரு குருடன், இங்கே ரப்பர் விலை தெரிந்த மனிதன் என்றார்.

அது உண்மைதான். நிலையத்தில் இருந்த காலம் முழுவதும் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் வரும் ரப்பர் விலையை அவர் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்து வந்தார். எப்போது விற்கலாம், எப்போது பொறுக்கலாம் என்று சிறு தோட்டக்காரர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். ஒரு நாள் விலையைக் கண்டு யாரும் குதிக்கவும் கூடாது, கலங்கவும் கூடாது என்பார் அவர். ஒரு நாள் விலை ஒரு மனிதனின் கோபத்தைப் போன்றது; வரும், போகும். பத்து நாள் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் கிடைக்கும் சராசரிதான் அவன் குணம். அதோடு இரண்டு மாதச் சராசரியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து நாள் கோடு இரண்டு மாதக் கோட்டை மேலே தாண்டினால் சந்தைக்கு உயிர் வந்திருக்கிறது. கீழே தாண்டினால் கையில் உள்ளதை விற்றுவிடுவது நல்லது. எல்லா முறையும் பலிக்காது, பல முறை பலிக்கும், அவ்வளவுதான் என்று அதையும் சொல்லித்தான் அனுப்புவார்.

கண் போன பிறகு அந்தத் தாள்கள் அலமாரியில் கிடந்தன. யோகம் விலையை வாசித்துச் சொல்வாள். அவர் கேட்டுக்கொள்வார். ஆனால் பத்து எண்களுக்கு மேல் மனதில் நிற்கவில்லை என்று வருந்தினார். எண்ணைக் கேட்பது வேறு, அது ஏறி இறங்கும் வடிவத்தைப் பார்ப்பது வேறு.

பலகையைச் செய்தது யோகம்தான். ரப்பர் அடைத்து அனுப்பும் பெட்டி ஒன்றைப் பிரித்து, அகலமான பலகை ஒன்றை எடுத்து, கத்தியால் குறுக்கே வரி வரியாகக் கீறினாள். ஒவ்வொரு வரியும் ஒரு காசு. சேர்ந்திருந்த பழைய பத்திரிகைகளைப் பார்த்து, ஒரு நாள் விலை எந்த வரியில் நிற்கிறதோ அந்த உயரத்தில், செருப்புக்கு அடிக்கும் சிறிய சப்பாத்து ஆணி ஒன்றை அடித்தாள். அடுத்த நாளுக்கு அதன் வலப்பக்கத்தில் இன்னொன்று. பத்து நாள் சராசரிக்குக் குண்டூசிகளைக் குத்தித் தையல் நூலை ஓடவிட்டாள். இரண்டு மாதச் சராசரிக்குச் சணல் கயிறு. விலை மூன்று முறை இறங்கி வந்து, மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்று திரும்பியிருந்தது. அந்த வரியில் துணி சுற்றிய ஆணி ஒன்றை அடித்தாள். அந்த இடத்துக்கு ஐயாத்துரை ‘தரை’ என்று பெயர் வைத்திருந்தார்.

முதல் நாள் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இடமிருந்து வலமாக விரலை ஓட்டினார். இரண்டாம் முறை ஓட்டும்போது, ‘இது சீன வருசத்துக்கு முந்தின ஏற்றமெல்லே?’ என்று கேட்டார். ஆமென்றாள் யோகம். அதன் பிறகு அவர் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

அன்றிலிருந்து பின்னேரங்கள் அவர்களுக்கு அப்படியே அமைந்துவிட்டன. மதிய ரயிலில் பத்திரிகை வரும். நிலையத்தில் ஐயாத்துரையின் இடத்துக்கு வந்திருந்த சபாபதி அதை எடுத்து வைப்பான். தோட்டத்தில் பால் வெட்டும் கருப்பாயி ஊருக்குள் போய்த் திரும்பும்போது வாங்கி வருவாள். யோகம் சிலேட்டில் கணக்குப் போடுவாள். புதிய விலையைச் சேர்த்து, பழையதில் ஒன்றைத் தள்ளி, வகுத்து, ஆணி அடித்து, நூலை நகர்த்துவாள். பிறகு கோப்பியோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். திருமணமாகி இத்தனை வருடங்களில் கணவன் மனைவியாக அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துப்போன அந்த ஆண்டில் ரப்பரும் இறங்கத் தொடங்கியது. நூல் சணலுக்குக் கீழே போயிற்று. ஐயாத்துரை விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, புகைக்கொட்டகையில் காய வைத்திருக்கும் ரப்பர் ஷீட்டுகளை விற்பதா வேண்டாமா என்று யோசித்தார். தரை இன்னும் உடையவில்லை, அது உடைந்தால் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்.

அந்த வாரமே அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுக்கம் நின்றபோது நெஞ்சு படபடத்தது. மனம் கலங்கும் எதையும் இவர் காதில் போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரி டிரஸர் யோகத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்களில்தான் விலை தரையை உடைத்துக்கொண்டு கீழே போயிற்று. யோகம் பத்திரிகையை மடித்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். காய்ச்சலின் நடுவே ஐயாத்துரை கண்ணை மூடிக்கொண்டே, தரை உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்த அன்று முதலில் கேட்டது பலகையைத்தான். படுத்திருந்த நாட்களுக்கான ஆணிகள் அதில் இல்லை. கொஞ்சம் பொறுங்கள், அடித்துக்கொண்டு வருகிறேன் என்று யோகம் அதை அடுப்படிக்கு எடுத்துப் போனாள். சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. உண்மையான ஆணி எங்கே விழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதை அங்கே அடிக்கவில்லை. தரைக்கு ஒரு வரி மேலே அடித்தாள்.

ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தாள். அவர் உடம்பு தேறத் தேற ஆணியைச் சிறிது சிறிதாக இறக்கி, உண்மையான விலை இருக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். விழுந்ததை மெல்ல இறங்கியதாக மாற்றிவிடலாம். ஆனால் அவள் ஒரு வரி இறக்கினால் சந்தை மூன்று வரி இறங்கியது. அவளால் அதை எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.

ஒரு பொய்க்குப் பிறகு பல வேலைகள் செய்ய வேண்டியிருந்தது. தரை உடையாமல் நின்ற முதல் நாட்களில், பலகைப்படி ஷீட்டுகளை வைத்திருப்பதுதான் புத்தி என்று ஐயாத்துரை சொன்னார். யோகம் அவற்றை ஏற்கெனவே ரப்பர் வாங்கும் சீன முதலாளியான தவுக்கேயின் கடையில் கிடைத்த விலைக்குக் கொடுத்திருந்தாள். பிறகு தவுக்கேயும் வாங்குவதை நிறுத்தினார். பால் வெட்டுவது நின்றது. ஆனால் காலையில் புகை மணம் வராவிட்டால் ஐயாத்துரை கேட்பாரே என்று, வெறும் கொட்டகைக்குள் ஈரக் கட்டையைப் போட்டுப் புகைய விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வரும் சபாபதியிடம், விலையைப் பற்றி வாய் திறக்காதே என்று வாசலிலேயே சொல்லி உள்ளே விட்டாள். அவன் மழையைப் பற்றியும், தனக்கு வராத இடமாற்றத்தைப் பற்றியும் பேசிவிட்டுப் போவான். ரயில்வே குடியிருப்புப் பெண்களுக்கு யோகம் சட்டை தைத்துக் கொடுத்தாள். அதில் அரிசி வந்தது.

கருப்பாயிக்கு இது பிடிக்கவில்லை. அவள் மரங்களுக்கிடையே மரவள்ளி நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஐயாகிட்ட சொல்லிடுங்கம்மா. தெருவுல போற எனக்கே வெல தெரியுது. அவருக்குத் தெரியாம இருக்கலாமா?”

சொல்லத்தான் போகிறேன் என்றாள் யோகம்.

சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடியை ஒரு மனிதன் கொண்டுவந்தான். சிகாமட்டில் கடை வைத்திருந்த ஒருவன், திணறிக்கொண்டிருந்த சிறு தோட்டங்களைத் தேடித்தேடி வாங்கி வந்தான். இந்தத் தோட்டத்தையும் கேட்டுக் கருப்பாயியிடம் சொல்லி அனுப்பினான். கேட்ட விலை மிகவும் குறைவு. வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும் சொல்லியிருந்தான். நிலம் ஐயாத்துரையின் பெயரில் இருந்தது. அவரில்லாமல் ஒன்றும் நடக்காது. அவன் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

வியாழக்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. யோகம் வழக்கம்போல ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பலகை ஐயாத்துரையின் மடியில் இருந்தது.

“யோகம், இண்டைக்கு ஆணி அடிக்க வேண்டாம்,” என்றார் அவர். “வந்து இதிலை இரும்.”

அவள் உட்கார்ந்தாள்.

“உண்மையிலை விலை எங்கை நிக்குது?”

யோகம் சுத்தியலைக் கீழே வைத்தாள். தகரக் கூரையில் மழை இரைந்தது. ஐயாத்துரை கையை நீட்டித் தேடி, அவள் கையைப் பிடித்து, அவளுடைய ஆள்காட்டி விரலை ஆணிகளின் மேல் வைத்து நகர்த்தினார்.

“தடவிப் பாரும். சந்தை இப்பிடி இறங்காது. நாலு நாள் விழுந்தால் ஒரு நாள் எழும்பும். பயந்தவன் விப்பான், ஆசைப்பட்டவன் வாங்குவான், ஆணி மேலையும் கீழையும் பாயும். இதிலை ஒரு பாய்ச்சலும் இல்லை. சின்னப் பிள்ளையைக் கையிலை பிடிச்சுப் படியாலை இறக்கிற மாதிரி இருக்கு.” அவள் விரலைக் கடைசி ஆணியில் கொண்டுபோய் வைத்தார். “இது சந்தையில்லை, யோகம். இது நீர்.”

அவள் அழுதாள். அவர் விரலை விடவில்லை. அழுகை அடங்கிய பிறகு, எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். காய்ச்சலிலிருந்து எழுந்த கையோடு சந்தேகம் வந்தது என்றார். முன்பெல்லாம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர், இப்போது சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சத்தமில்லாமல் நிற்கிறீர் என்றார். சபாபதி ஒரு பின்னேரம் முழுவதும் விலையைப் பற்றிப் பேசாமல் இருந்ததைச் சொன்னார். ரப்பர் தொங்காத கொட்டகையின் புகைக்கு மணம் வேறு என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“தெரிஞ்சுகொண்டும் ஏன் ஒண்டும் சொல்லாமல் இருந்தனீங்கள்?” என்று யோகம் கேட்டாள். அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

அவர் பலகையை ஒரு முறை தடவினார்.

“ஒவ்வொரு நாளும் இந்த ஆணியளைத் தடவேக்கை, எனக்கு நோகக் கூடாது எண்டு ஒருத்தி எவ்வளவு யோசிச்சு அடிச்சிருக்கிறாள் எண்டு தெரிஞ்சுது. அதைக் கைவிட மனம் வரேல்லை.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இவ்வளவு நாளும் இதைத் தனிய வைச்சுக்கொண்டோ இருந்தனீர்?”

யோகம் தலையசைத்தாள். அவருக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, ஓம் என்றாள். பிறகு சிகாமட்டுக்காரன் நாளை வருவதைச் சொன்னாள்.

அப்படியானால் இன்றே ஆணிகளைச் சரியாக அடித்துவிடலாம் என்றார் ஐயாத்துரை. யோகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

“பலகை காணாது, கீழை இன்னும் இடம் வேணும்,” என்றாள்.

“அவ்வளவுக்கோ?”

“ஓம்.”

“அப்ப இன்னொரு பலகை கொண்டு வாரும்.”

அவள் அடுப்படி அலமாரியின் தட்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கீறிய வரிகளைத் தொடர்ந்து அதிலும் வரி கீறினாள். மழையில் நனைந்து வந்த கருப்பாயி, நடப்பதைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் முந்தானையைப் பிழிந்துவிட்டு, இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொய் ஆணிகளை ஐயாத்துரையே குறட்டால் பிடுங்கினார். யோகம் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பத்திரிகைகளை எடுத்து வரிசையாக விலையை வாசித்தாள். இந்த முறை ஆணி அடித்தது அவர். யோகம் இடத்தைக் காட்டி விரலை வைப்பாள், அவர் அந்த விரலின் பக்கத்தில் தட்டுவார். இரண்டு முறை தன் பெருவிரலை நசுக்கிக்கொண்டார். ஒரு முறை அவளுடையதை. ஆணிகள் தரையைத் தாண்டி இறங்கின, பலகையின் விளிம்பைத் தாண்டி இறங்கின, அலமாரித் தட்டுக்குள் போயின.

நூலையும் சணலையும் யோகம் கட்டி முடித்ததும் அவர் முழுவதையும் தடவினார். விளிம்பைத் தாண்டி அவர் கை கீழே போகும்போது யோகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரஸர் கண்டிப்பாகச் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. அவர் முகம் வாடியது. ஆனால் சில நாட்களாக அதில் இருந்த ஒரு இறுக்கம் போய்விட்டது.

“இது சந்தை,” என்றார்.

சணல் எங்கோ மேலே நின்றது. ஆணிகள் அதற்கு வெகு கீழே கிடந்தன. இவ்வளவு தூரம் விலகினால், அது பயந்து விற்பவர்களின் விலை, அந்த விலைக்கு நிலத்தைக் கொடுப்பவன் தானும் பயந்தவன் ஆகிறான் என்று விளக்கினார். கடைசி ஆணிகளில் விழும் தூரம் குறைந்து வருவதும் அவர் விரலுக்குத் தெரிந்தது. ஆனால் எப்போது திரும்பும் என்று யோகம் கேட்டபோது கையை எடுத்துவிட்டார்.

“அது இதிலை இல்லை. பலகை நேற்று வரைக்கும்தான் சொல்லும். நாளைக்கு என்னத்தைச் சாப்பிடுறது எண்டு நாங்கள்தான் யோசிக்க வேணும்.”

யோகம் யோசித்துத்தான் வைத்திருந்தாள். மரங்களில் பால் வெட்டாமல் இப்படியே விட்டுவிடலாம், பட்டை தடிக்கட்டும் என்றாள். மரவள்ளி வந்துகொண்டிருக்கிறது. வாழை வைக்கலாம். கோழி வளர்க்கலாம். தையல் இருக்கிறது. கருப்பாயிக்கும் ஒரு பங்கு கிழங்கு உண்டு. வயிறு நிறையாது, ஆனால் நிலம் இருக்கும். தன் மனைவி இவ்வளவையும் தனியாக ஏற்பாடு செய்திருந்ததை ஐயாத்துரை அப்போதுதான் அறிந்தார். எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

மறுநாள் சிகாமட்டுக்காரன் வந்தான். அவனுக்குக் கோப்பி கொடுத்தார்கள். விலை இன்னும் விழும், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று மலாயில் வெகுநேரம் பேசினான். விழலாம் என்று ஐயாத்துரை ஒத்துக்கொண்டார். நாங்கள் விற்பதாக இல்லை என்று சொல்லி அவனைப் படிவரை வழியனுப்பினார்.

விலை விழத்தான் செய்தது. அலமாரியின் இரண்டாவது தட்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வந்த காலம் எளிதாக இருக்கவில்லை. காலையும் மாலையும் மரவள்ளிதான். அவித்து, இடித்து, புட்டாக்கி, சில நாள் வெறும் உப்போடு. பக்கத்துப் பெரிய தோட்டங்களிலிருந்து வேலை போன ஆட்கள் கூட்டம் கூட்டமாக மூட்டை முடிச்சுகளோடு நிலையத்துக்குப் போனார்கள், சொந்த ஊருக்குக் கப்பலேற. பக்கத்து ஆற்றின் வெள்ளம் ஒரு முறை வாழைகளைக் கொண்டுபோயிற்று. ஐயாத்துரை கோழிகளைப் பார்த்துக்கொள்ளப் பழகினார். ஒவ்வொன்றையும் சத்தத்தாலேயே அடையாளம் சொன்னார். பட்டினியிலும் பத்திரிகை வந்தது. சபாபதி தான் வாசித்ததை அனுப்பினான். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் விலையைத் தவிர வேறொன்றையும் பேசுவதில்லை. ஆணி அடிப்பதும் நிற்கவில்லை. நல்ல நாளில் யோகம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். விலை மோசமான நாளில் ஆணியை அடித்துவிட்டு, அவர் தடவும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு முறை நூல் சணலை மேலே தாண்டியது. இருவரும் அன்று ஒரு கோழியை அடித்துச் சமைத்தார்கள். கருப்பாயிக்கும் சபாபதிக்கும் சாப்பாடு போட்டார்கள். பத்து நாளில் நூல் மறுபடி கீழே போயிற்று. ஒரு நல்ல முட்டைக் கோழி வீணாகப் போனதே என்று யோகம் சொல்ல, சிரிப்பை அடக்க முடியாமல் ஐயாத்துரைக்குப் புரையேறியது. எல்லா முறையும் பலிக்காதென்று தான் சொன்னது கோழிக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார்.

அடுத்த முறை தாண்டியபோது அவர்கள் கோழியைத் தொடவில்லை. நூல் மேலேயே நின்றது. பிறகு சணலும் மெல்லத் தலை தூக்கியது. அலமாரித் தட்டுகளை விட்டு ஆணிகள் பழைய பலகைக்கு ஏறி வந்தபோது, யோகம் தட்டுகளைத் திரும்ப அடுப்படியில் மாட்டினாள். ஒரு விடியற்காலை கருப்பாயி கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தாள். ஐயாத்துரையும் யோகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். ஓய்ந்து கிடந்த மரங்களின் பட்டை கைக்குத் தடிப்பாக இருந்தது. முதல் கோடு விழுந்ததும் பால் சிரட்டையில் சொட்டும் ஓசையை மரத்தோடு மரமாக நின்று கேட்டார்.

கொட்டகை நிறைந்தது. விற்கலாமென்று யோகம் சொன்னாள். நூல் இன்னும் ஏறுமுகமாக இருக்கிறது, பொறுக்கலாம் என்றார் ஐயாத்துரை. ஏறுமுகமாக இருக்கிறதுதான், ஆனால் ஆணிகள் நூலைவிட்டு மேலே வெகுதூரம் போய்விட்டன, ஆசைப்பட்டவர்களின் விலை இது என்று அவள் பலகையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள்.

அவர் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவிப் பார்த்தார்.

“பாதியை விப்பம்,” என்றார்.

“முக்கால்வாசி,” என்றாள் யோகம்.

மறுநாள் காலை மாட்டு வண்டி வந்தது. கருப்பாயி ஷீட்டுகளைக் கட்டிக் கட்டி ஏற்றினாள். வண்டி கிளம்பும்வரை இருவரும் கொட்டகை வாசலில் நின்று எவ்வளவு ஏற்றுவதென்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.